கோடும் கோணமும்: எழுவான்கரைப் பாடசாலைகளிற் கேத்திரகணிதம் புகுந்த வரலாறு

மட்டக்களப்பு வாவிக்கும் கீழ்க்கடலுக்கும் இடையே ஒடுங்கி நீளும் நிலப்பகுதியை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயலும் காடும் சார்ந்து விரியும் பகுதியைப் படுவான்கரை என்றும் வழங்குதல் அந்நாட்டு மக்களின் நெடுங்கால வழக்காகும். ஞாயிறு எழும் திசை, படும் திசை என்னும் இரண்டையுங் கொண்டே தம் நாட்டைப் பகுத்துப் பெயரிட்ட மக்களுக்குத் திசையுணர்வு பாடநூலாற் கிடைத்ததன்று. எழுவான்கரையில், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவின் இருமருங்கும், மாங்காட்டுக்கும் களுதாவளைக்கும் இடையே அமைந்திருப்பது தேற்றாத்தீவு. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் கொட்டையைத் தருகின்ற தேற்றா மரத்தின் பெயரைத் தாங்கிய இவ்வூர், வெற்றிலைத் தோட்டங்களுக்கும் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலுக்கும் பெயர் பெற்றது. இவ்வூர் போன்றதோர் ஊரிற் பயிலும் நடுநிலை வகுப்பு மாணவனிடம் கோடு, கோணம் என்னும் இரு கருத்துகளும் எவ்வழியாக வந்து சேர்ந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விரண்டும் ஒரே பாடநூலின் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாகி வருதலின் ஒரே வயதினவாகத் தோன்றுகின்றன. உண்மை அதுவன்று. கோடு நம் ஊர்களிற் பழங்குடி. கோணமோ, பாகையால் அளக்கப்படும் ஒரு கணியம் என்ற நிலையில், மிகப் பிந்தி வந்த விருந்தினன். இவ்வேறுபாட்டை உணராது இரண்டையும் ஒரே முறையிற் புகட்ட முயன்றமையே நம் பாடசாலைகளிற் கேத்திரகணிதம் அச்சந்தரும் பாடமானதற்குத் தலையாய காரணம் எனக் கருதுகின்றேன். இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினாவுமன்று. சாதாரண தரப் பரீட்சையிற் கணிதம் சித்தியெய்தாதவனுக்கு உயர்தர வகுப்பின் வாயில் திறப்பது அரிது. வெற்றிலைக் கொடிக்கு நீரூற்றிவிட்டுப் பாடசாலைக்கு வரும் பிள்ளை எங்கே இடறுகின்றது என்பதை வரலாற்று நோக்கில் அறிதல் வேண்டும்.

முதலில் பாடசாலைக்கு முந்திய நிலையை நோக்குவோம். நிலத்தைப் பரப்பளவாற் கூறாது, அதில் விதைக்கப்படும் நெல்லின் அளவாற் கூறும் வழக்கம் கீழ்மாகாணத்து வயல்களில் நெடுங்காலம் நிலவியது. இத்தனை அவணம் விதைப்பு என்றால் வயலின் பெருமை விளங்கிவிடும். கற்றோர் சிலர் இதனைப் பண்படாத அளவை என இகழ்வர். ஆயின் இதிலோர் நுட்பம் உண்டு. வயல் சதுரமோ, சாய்ந்ததோ, வாய்க்காலை ஒட்டி வளைந்ததோ, எவ்வடிவினதாயினும் விதைநெல் உள்ள நிலத்தையே அளக்கும். வரம்பின் நீளத்தை அளந்து பெருக்கும் முறைக்கோ இப்பாதுகாப்பு இல்லை. எதிர்ப்பக்கங்கள் இரண்டினையுங் கூட்டிப் பாதியாக்கி, மற்றை எதிர்ப்பக்கங்களின் பாதிக் கூட்டுத்தொகையாற் பெருக்குதல் நாற்பக்க நிலத்துக்குரிய பழைய விதியாகும். கி.பி. 628இல் பிரமகுப்தர் இதனைப் பரும்படியான விதி எனப் பிரித்தே கூறினார். இவ்விதியின் குறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நான்கு வரம்புகளும் 10 சங்கிலி நீளமுள்ள வயல் செங்கோணமாய் அமைந்தால் அதன் பரப்பு 100 சதுரச் சங்கிலி, அதாவது 10 ஏக்கர். அதே வரம்புகள் சாய்ந்து மூலைக்கோணம் 60 பாகையானால் பரப்பு ஏறத்தாழ 8.66 ஏக்கர். 30 பாகையானால் 5 ஏக்கர் மட்டுமே. விதியோ மூன்று வயல்களையும் 10 ஏக்கர் என்றே காட்டும். பக்கங்கள் மாறவில்லை, கோணம் மாறிற்று. வரி செலுத்துவோனுக்கு இது பாதி வயலின் வேறுபாடு.

கோணத்தை அளவாகக் கொள்ளாமை தமிழருக்கு மட்டும் உரிய குறையன்று. காரிநாயனார் இயற்றியதாக வழங்கும் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல் முதலியவற்றின் கணக்குகளை விரித்துக் கூறுவது. வட்டத்தின் பரப்பைச் சுற்றளவின் பாதியையும் விட்டத்தின் பாதியையும் பெருக்கிக் காணும் வழியும் நம்மவர் அறிந்ததே. 1150ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பாஸ்கரரின் லீலாவதி முக்கோணிகளைப் பற்றி விரிவாகப் பேசுகின்றது. எனினும் பக்கம், குத்துயரம், பரப்பு என்பனவே அதன் பொருள்கள். வானநூலார் வட்டத்தை 360 பாகங்களாக்கி வில்லையும் நாணையும் கணித்தனரேனும், அவ்வளவை வயலின் மூலைக்கு இறங்கி வரவில்லை. நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என மேடைதோறும் முழங்குவோர்க்கு இது சுவையற்ற செய்தியாயிருக்கலாம். ஆயின் இல்லாததை உண்டென்று கூறுவதால் மாணவனுக்கு ஒரு பயனும் இல்லை. உள்ளதை நன்கு காட்டினாற் பயனுண்டு.

உள்ளது யாது? செங்கோணம் ஒன்றே. அதனை அளவாக அன்று, செய்கையாக நம் தொழிலாளர் அறிந்திருந்தனர். வீட்டுக்கு அத்திவாரக் கயிறு பிடிக்கும் கொத்தனார் ஒரு மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருமாறு கயிற்றை அசைத்து மூலையை மட்டஞ் செய்வதை இன்றும் காணலாம். தச்சரின் மூலைமட்டமும் தூக்குக்குண்டும் இதே பணியைச் செய்வன. மயமதம் போன்ற சிற்பநூல்கள் கோயில் எடுக்குமுன் கிழக்கு மேற்குக் கோட்டை நிறுவும் முறையைக் கூறுகின்றன. நிலத்திலே முளை நாட்டி, அதனை மையமாகக் கொண்டு வட்டம் வரைந்து, முற்பகலிலும் பிற்பகலிலும் முளையின் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளைக் குறித்து இணைத்தால் அது கிழக்கு மேற்குக் கோடாகும். எழுவானும் படுவானும் அங்கே ஒரு கோட்டின் இரு நுனிகளாகின்றன. அளவிடும் கருவி எதுவுமின்றி வட்டம், கோடு, சமவெட்டு என்னும் மூன்றையும் ஒருங்கே கற்பிக்கும் இச்செய்கை எந்தப் பாடசாலை முற்றத்திலும் ஒரே நாளிற் செய்து காட்டத் தக்கது.

பாகையால் அளக்கப்பட்ட கோணம் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் பள்ளிக்கூடத்தின் வழியே முதலில் வந்ததன்று. நிலவளவையாளரின் கருவியோடு வந்தது. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை காட்டப்படாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியனவாகக் கொண்ட பின்னர், நிலத்தின் எல்லை எங்கே செல்கின்றது என்பது குடிமகனின் வாழ்வைத் தொடும் வினாவாயிற்று. 66 அடிச் சங்கிலியும் கோணமளக்கும் கருவியுங் கொண்டு வரையப்பட்ட நிலப்படத்தை வாசிக்க வல்லவர் ஊரிற் சிலரே. கோணத்தை அறியாதவன் தன் காணியின் படத்தை அறியாதவனானான். கேத்திரகணிதம் என்னும் பெயரில் உள்ள கேத்திரம் என்பது வயலையே குறிப்பது. கிரேக்கர் வழங்கிய பெயரும் நிலவளவை எனும் பொருளதே. இப்பெயர்களின் பொருள் நம் நாட்டில் மெய்யானது இவ்வாறுதான்.

இனிப் பாடசாலைக்கு வருவோம். 1814ஆம் ஆண்டில் வெசுலியன் போதகர் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் தொடங்கிய பாடசாலை, இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தோற்றமாகக் கொள்ளப்படுகின்றது. வடக்கே, 1823இல் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் இயூக்கிளிட்டின் கேத்திரகணிதம், திரிகோணகணிதம், வானநூல் என்பன உயர்ந்த தரத்திற் கற்பிக்கப்பட்டன. 1855ஆம் ஆண்டில் அச்செமினரி மூடப்பட்டது. அதே ஆண்டில் அங்கு கற்ற கறல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் தமிழில் வெளிவந்தமை, உயர்கணிதத்தைத் தமிழிற் கூறல் இயலும் என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கிடைத்த சான்றாகும். ஆயினும் வழி அவ்வாறு தொடரவில்லை. 1880ஆம் ஆண்டு முதல் கேம்பிரிட்சுப் பரீட்சைகள் இலங்கையில் நடைபெறத் தொடங்கின. நகரத்து ஆங்கிலப் பாடசாலைகள் அப்பரீட்சைகளை நோக்கிக் கற்பித்தன. ஊர்களிலிருந்த தமிழ்ப் பாடசாலைகளிலோ பெரும்பாலும் எண்கணிதமே கணிதமாயிருந்தது. இவ்வாறு கேத்திரகணிதம் ஆங்கிலங் கற்றோரின் உடைமையாய் நின்றது.

அவ்வாங்கிலப் பாடசாலைகளிற் கற்பிக்கப்பட்ட கேத்திரகணிதம் எத்தகையது என்பதும் அறியற்பாலது. இயூக்கிளிட்டு கோணத்தை இரு கோடுகளின் சாய்வு என வரையறுத்தார். செங்கோணத்தை அளவாக வைத்து ஏனையவற்றை அதனோடு ஒப்பிட்டார். அவரது நூலிற் பாகை என்பதே இல்லை. நேர்கோட்டிலமைந்த அடுத்துள்ள கோணங்கள் இரு செங்கோணங்களுக்குச் சமம் என்பது முதற் புத்தகத்தின் 13ஆம் தேற்றம். முக்கோணியின் கோணங்கள் மூன்றும் சேர்ந்து இரு செங்கோணங்கள் என்பது 32ஆம் தேற்றம். மாணவர் இவற்றை இலக்கமும் எழுத்தும் மாறாது நெட்டுருச் செய்தனர். இங்கிலாந்திலேயே இம்முறையை எதிர்த்து 1871ஆம் ஆண்டிற் கேத்திரகணிதக் கற்பித்தலைத் திருத்துவதற்கென ஒரு சங்கம் தோன்றிற்று. 1901ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் யோன் பெரி என்னும் பொறியியலறிஞர், அளத்தலும் வரைதலும் முன்னும் நிறுவல் பின்னுமாக வரவேண்டும் என்று வலியுறுத்தினார். 1903ஆம் ஆண்டில் இயூக்கிளிட்டின் வரிசையையே பின்பற்ற வேண்டும் என்னும் கட்டுப்பாட்டைக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் தளர்த்தியது. ஹோல், ஸ்டீவன்ஸ் ஆகிய இருவரின் பாடசாலைக் கேத்திரகணிதம் அப்புதிய ஒழுங்குக்கு ஏற்ப எழுந்து உலகெங்கும் பரவிற்று. கோணமானி மாணவனின் பெட்டிக்குள் உறுதியாக இடம்பெற்றது இதன் பின்னரே எனலாம்.

காரைதீவிற் பிறந்த மயில்வாகனன், மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரி மாணவராகக் கேம்பிரிட்சு சீனியர் பரீட்சையில் 1908இல் தேறியபோது இம்மாற்றம் நிகழ்ந்து 5 ஆண்டுகளே கழிந்திருந்தன. பின்னாளில் விபுலாநந்த அடிகளாக விளங்கிய இவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறியவர். இவ்விரு தகுதிகளும் ஒருவரிடத்தே சேர்ந்தமை எழுவான்கரையின் நற்பேறு. 1929ஆம் ஆண்டிற் கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் ஊர்ப்புறத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் எட்டச்செய்த நிலையங்களுள் முதன்மையானது. அடிகளை யாழ்நூலின் ஆசிரியராகவே நாம் போற்றுகின்றோம். யாழின் நரம்பளவைக் கணிதத்தால் ஆய்ந்த அந்நூலின் பின்னே ஒரு கணித ஆசிரியர் நிற்பதை மறந்துவிடுகின்றோம்.

தமிழிற் கலைச்சொல் ஆக்கும் முயற்சி 1916ஆம் ஆண்டிற் சேலத்தில் தொடங்கிய பரிபாஷைச் சங்கத்தால் ஊக்கம் பெற்றது. பின்னர்ச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இல் மேற்கொண்ட சொல்லாக்கப் பணிக்கு விபுலாநந்தர் தலைமை தாங்கினார். அதன் பயனாகக் கலைச்சொற்கள் 1938இல் வெளியாயின. இலங்கையில் 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வியும் தொடக்க வகுப்புகளிற் தாய்மொழிப் போதனையும் நடைமுறைக்கு வந்தன. 1953ஆம் ஆண்டு முதல் ஆறாம் வகுப்பிலிருந்து படிப்படியாக மேல் வகுப்புகளுக்கும் தாய்மொழி போதனாமொழியாயிற்று. அப்பொழுதுதான் கோணம் தமிழிற் பேச வேண்டியதாயிற்று. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளும் மொழிபெயர்ப்பு நூல்களும் இன்று நாம் வழங்கும் சொற்களை நிலைநிறுத்தின.

இச்சொற்களைச் சற்று நின்று நோக்குதல் தகும். மாணவன் முதலிற் சந்திப்பது தேற்றத்தையன்று, சொல்லையே. கோணம் என்றவுடன் தமிழ்ப் பிள்ளையின் செவியில் ஒலிப்பது கோணல். கோணல் குற்றம், நேர்மை குணம். செங்கோன்மை, கொடுங்கோன்மை என வள்ளுவர் இரு அதிகாரங்கள் வகுத்ததும் கோலின் செம்மையையும் வளைவையும் அடியாகக் கொண்டே. இம்மொழியுலகில் வளர்ந்த பிள்ளைக்குச் செங்கோணம் என்னுஞ் சொல் நேரான கோணல் என்பதுபோல் மயக்கந் தரும். அதன்மேல் 180 பாகைக்கு நேர்கோணம் என்றும் பெயரிட்டுவிட்டோம். செம்மையும் நேர்மையும் ஒருபொருட் சொற்களாயிருக்க, ஒன்று மற்றதன் இருமடங்காவது எவ்வாறு என ஒரு மாணவன் வினவினால் அவன் அறிவிலியல்லன், தமிழறிந்தவன்.

சமாந்தரக் கோடுகள் என்னும் ஈழத்து வழக்கையும் இணைகோடுகள் என்னும் தமிழகத்து வழக்கையும் ஒப்பிடுவோர், பின்னதன் தமிழ்மையைப் பாராட்டுவர். ஆனால் இணைதல் என்பதற்குச் சேர்தல் என்னும் பொருளும் உண்டு. ஒருநாளும் சேராத கோடுகளுக்குச் சேர்தலைக் குறிக்கும் சொல் அமைந்துவிட்டது. சமாந்தரம் வடமொழியாயினும் சமமான இடைவெளி என்னும் வரைவிலக்கணத்தைத் தன்னுள்ளே தாங்கி நிற்கின்றது. உருவத்தை முக்கோணி என்றும் பல்கோணி என்றும் வழங்கி, கோணம் என்னுஞ் சொல்லை அளவுக்கே ஒதுக்கிய ஈழத்து வழக்கும் தெளிவுடையது. எல்லாச் சொற்களும் இவ்வாறு வாய்த்தன என்று கூறவியலாது. இரு நேர்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்போது எதிரெதிரே அமையும் கோணங்களைக் குத்தெதிர்க் கோணங்கள் என்கின்றோம். ஆங்கிலப் பெயரிலுள்ள அடைமொழி உச்சியைக் குறிக்குஞ் சொல்லினின்று பிறந்தது. நிமிர்ந்து நிற்றலைக் குறித்ததன்று. மொழிபெயர்ப்பாளர் அதனை நிலைக்குத்தாகக் கொண்டுவிட்டனர். விளைவு, படம் இடவலமாகக் கிடக்கும்போது அக்கோணங்கள் குத்தெதிரல்ல எனச் சாதிக்கும் மாணவர் வகுப்புதோறும் உளர். உச்சியெதிர்க் கோணங்கள் என்றிருந்தால் இத்தொல்லை இல்லை.

இச்சொற்களுள் மிக அழகியது ஒன்றுவிட்ட கோணங்கள் என்பதே. இரு சமாந்தரக் கோடுகளை ஒரு குறுக்குக்கோடு வெட்ட, அதன் இருபுறமும் மாறிமாறி அமையும் அகக்கோணங்களை இது குறிக்கின்றது. ஒன்றுவிட்ட அண்ணன், ஒன்றுவிட்ட தங்கை என உறவுமுறை கூறி வளர்ந்த பிள்ளைக்கு இது புதுச்சொல் அன்று. ஒரு வீட்டிற் பிறவாது, அடுத்த வீட்டிற் பிறந்து, முகச்சாயலில் ஒத்திருக்கும் உறவு அது. அவற்றின் அயலிலே ஒரே பக்கத்தில் அமைந்து இரண்டு செங்கோணங்களாக நிறையும் இணையை நேயக் கோணங்கள் என்றதும் அவ்வாறே. இச்சொற்களை ஆக்கியோர் பரீட்சைக்கு மனனஞ் செய்யவென அவற்றை ஆக்கியிருக்க மாட்டார். ஆயினும் பெரும்பாலான வகுப்புகளில் அவை விளக்கமின்றியே கரும்பலகையில் எழுதப்படுகின்றன.

1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாக அமைந்திருக்க வேண்டியது. ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை எல்லா மாணவரும் ஒரே கலைத்திட்டத்தைப் பயில்வதென்றும், அதில் ஊர்த் தொழில்களைத் தழுவிய தொழின்முன்னிலைப் பாடம் இடம்பெறுவதென்றும் அது விதித்தது. 1975ஆம் ஆண்டின் இறுதியிற் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சை முதன்முறை நடைபெற்றது. எண்ணிப் பார்த்தால், கிடுகு வேய்ந்த கூரை ஓட்டுக்கூரையிலும் ஏன் செங்குத்தாகச் சாய வேண்டும், வெற்றிலைக் கொழுகொம்புகளை நிரைநிரையாக நாட்டக் கயிறு பிடிப்பது எவ்வாறு என்னும் வினாக்கள் யாவும் கோடும் கோணமுமே. ஆனால் தொழின்முன்னிலைப் பாடத்துக்கு ஒரு கொப்பி, கணிதத்துக்கு வேறொரு கொப்பி, வேறோர் ஆசிரியர் என்றே நடைமுறை அமைந்தது. கூரையின் சாய்வு ஒரு கொப்பியிலும் கூர்ங்கோணம் மற்றொரு கொப்பியிலும் ஒன்றையொன்று அறியாது கிடந்தன. 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின் அத்திட்டம் கைவிடப்பட்டுப் பழைய பரீட்சை முறை மீண்டது. கைத்தொழில் கற்பித்துத் தம் பிள்ளைகளை ஊரோடு கட்டிவைக்கின்றனர் எனப் பெற்றோர் பலர் ஐயுற்றதை முற்றாகப் பிழையெனக் கூறவும் இயலாது. கைத்தொழில் கணிதத்துக்கு ஏணியாக வைக்கப்பட்டிருப்பின் அவ்வையம் எழுந்திராது.

பாடநூல்களின் நிலையையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 1980ஆம் ஆண்டில் இலவசப் பாடநூற் திட்டம் தொடங்குமுன்னர், நூல் வாங்க வழியற்ற மாணவன் கரும்பலகைப் படத்தையே தன் கொப்பியிற் கண்ணளவாகப் பெயர்த்து வரைந்தான். எண்கணிதத்தில் இதனால் இழப்பில்லை. 7ஐ எவ்வளவு கோணலாக எழுதினும் அது 7தான். கேத்திரகணிதத்திலோ பெயர்த்து வரைந்த படத்திற் சமாந்தரக் கோடுகள் சந்திக்கும்; சமமான கோணங்கள் சமமற்றனவாகும். கண் காண்பதை வாய் மறுத்துக் கூறவேண்டிய நிலையில் மாணவன் கண்ணையும் நம்பான், தேற்றத்தையும் நம்பான். நெட்டுருவே எஞ்சும்.

இனிக் கற்பித்தல் முறையை நோக்கின், 1957ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு ஆசிரியத் தம்பதியரான பியர், டீனா வான் ஹீலே ஆகிய இருவரும் தம் ஆய்வுகளில் வெளியிட்ட கருத்து இங்கு ஒளிதருகின்றது. உருவை முழுமையாகக் கண்டறிதல், அதன் இயல்புகளை உணர்தல், இயல்புகளைத் தொடர்புபடுத்தல், நிறுவுதல் என மாணவனின் அறிவு படிப்படியாக ஏறுகின்றது என்றும், ஆசிரியர் ஒரு படியில் நின்றும் மாணவன் மற்றொரு படியில் நின்றும் பேசினால் இருவரும் ஒரே சொல்லை வழங்கியும் ஒருவரையொருவர் விளங்கார் என்றும் அவர்கள் கண்டனர். கோணத்தைச் சாய்வு என்னும் வரைவிலக்கணத்தோடு தொடங்குவது நான்காம் படியிலிருந்து முதற் படியில் நிற்பவனைக் கூப்பிடுவதாகும். கோடுகள் நீளமாயிருந்தால் கோணமும் பெரிது என எண்ணுதல் எங்கும் காணப்படும் பிழை. இக்கட்டுரையாளனும் ஏழாம் வகுப்பில் அப்பிழையைச் செய்து, கோணமானியின் விளிம்புக்கு வெளியே நீண்ட புயத்தை அளக்க மற்றொரு கோணமானி வேண்டும் என்று கேட்டு நகைப்புக்கு இடமானவனே. கோணம் ஒரு திருப்பம் என்று எவரேனும் முன்னரே கூறியிருப்பின் அவ்வினா எழுந்திராது.

2010களில் வழங்கப்பட்ட ஆறாந் தரப் பாடநூல் கோணங்களை அடுத்துத் திசைகளை வைத்தது. எழுவான்கரையில் இவ்வரிசையை மாற்றித் திசையிலிருந்து கோணத்துக்குச் செல்லலாம். எழுவானை நோக்கி நிற்கும் பிள்ளை வடக்கே திரும்பினால் ஒரு செங்கோணம். படுவானை நோக்கத் திரும்பினால் இரண்டு. மீண்டும் எழுவானை நோக்க நான்கு. நீட்டிய கையின் நீளம் எதுவாயினும் திருப்பம் அதுவே. கோணமானி இதன் பின்னர் வரட்டும். சமாந்தரக் கோடுகளுக்குப் பாடநூல்கள் வழமையாகக் காட்டும் எடுத்துக்காட்டு புகையிரதத் தண்டவாளம். மட்டக்களப்புப் புகையிரதப் பாதை நகரோடு முடிந்துவிடுகின்றது. தெற்கேயுள்ள தேற்றாத்தீவுப் பிள்ளை அதைக் காண நகருக்குச் செல்ல வேண்டும். அதன் ஊரிலேயே கடற்கரையும் பெருந்தெருவும் வாவிக்கரையும் ஏறத்தாழச் சமாந்தரமாக நீள்கின்றன; அவற்றை ஊடறுத்துக் கடலுக்கும் வாவிக்கும் செல்லும் ஒழுங்கைகள் குறுக்குக்கோடுகளாகின்றன. ஊர்ப்படத்தை வரையச் சொன்னால் ஒத்த கோணமும் ஒன்றுவிட்ட கோணமும் தாமே வந்து நிற்கும்.

தென்னீர்க்கு நான்கினை நூலாற் கட்டிச் சதுரஞ் செய்தால் அது ஆடிச் சாயும். மூன்றினைக் கட்டினால் அசையாது. முன்னர்க் கூறிய 10 ஏக்கர் வயல் 5 ஏக்கரானது எவ்வாறு என்பது அந்த ஆடுஞ் சதுரத்திற் கண்முன்னே நிகழும். குறுக்கே ஓர் ஈர்க்கைக் கட்டினால் ஆட்டம் நிற்கும். நிலவளவையாளர் மூலைவிட்டத்தை அளப்பதும், 1924இல் அமைந்த பழைய கல்லடிப் பாலத்தில் இரும்புச் சட்டங்கள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதும் இதன் பொருட்டே. அருகில் 2013இற் திறக்கப்பட்ட புதிய பாலத்தால் வண்டிகள் இன்று செல்கின்றன. பழைய பாலம் முக்கோணியைக் கற்பிக்க இன்னும் நிற்கின்றது.

முக்கோணியின் கோணங்களின் கூட்டுத்தொகையை நடந்தே காணலாம். முற்றத்து மணலிற் பெரியதொரு முக்கோணியைக் கீறி, ஒரு மாணவனை அதன் வழியே சுற்றி நடக்கச் செய்க. மூன்று மூலைகளில் மூன்று முறை திரும்பி, புறப்பட்ட இடத்தில் புறப்பட்ட திசையையே நோக்கி நிற்பான். ஆகவே அவன் திரும்பியது மொத்தம் 360 பாகை. ஒவ்வொரு மூலையிலும் திருப்பமும் அகக்கோணமும் சேர்ந்து 180 பாகையாதலின், மூன்று மூலைகளுக்கும் 540. அதிலே திருப்பங்களைக் கழிக்க எஞ்சுவது 180. நான்கு வரம்பு வயலைச் சுற்றினால் 720இற் 360 போக 360. உள்நோக்கி மடிந்த வயலானால் எதிர்ப்புறந் திரும்பியதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கணிதவியலார் இதனை நிறுவல் என ஏற்கமாட்டார். அவர்கள் மறுப்பதும் முறையே. பூகோளத்தின் மேல் வடமுனையிலிருந்து புறப்பட்டு மத்தியகோட்டை அடைந்து, அதன் வழியே காற்பங்கு சென்று, மீண்டும் முனைக்கு ஏறுபவன் மூன்று செங்கோணங்களையுடைய முக்கோணியைச் சுற்றியவனாவான். அவற்றின் கூட்டுத்தொகை 270 பாகை. மணல் முற்றத்தில் இது நிகழாமைக்குக் காரணம் சமாந்தரக் கோடுகள் பற்றிய எடுகோளே. ஒன்பதாந் தரத்து மாணவனுக்கு அதனைக் கூறும் நேரம் வரும்போது, ஆசிரியர் அதே மணற்படத்தின் ஓர் உச்சியினூடாக எதிர்ப்பக்கத்துக்குச் சமாந்தரமாக ஒரு கோட்டைக் கீறினாற் போதும். அடியிலுள்ள கோணங்கள் இரண்டும் தத்தம் ஒன்றுவிட்ட கோணங்களாக மேலே வந்து, உச்சிக்கோணத்தின் இருமருங்கும் அமர்ந்து, அந்த ஒரே கோட்டை நிறைத்துவிடும்.